பகல் ஒரு மணிச் சோறு

அக்கா,

சென்ற வாரம் என் மருமகள் என் மணிக்கட்டில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டாள். மணி காட்டுவதோடு நிற்காமல், எத்தனை அடி நடந்தேன், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன், எப்போது சாப்பிட வேண்டும் என்று எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிற கடிகாரம். "நீங்க பாட்டுக்கு மறந்துட்டு இருக்கலாம் அத்தை, இது ஞாபகப்படுத்தும்" என்றாள். நான் எதையும் மறக்கிற ரகம் இல்லை என்பது அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? முதல் நாள் பகல் ஒரு மணிக்கு அது என் கையில் இரண்டு முறை தட்டியது. சத்தமே இல்லை. தோலுக்கு மேல் லேசாக, டக், டக். கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பைப் போட்டுவிட்டேன். மருமகள் ஓடிவந்து, "என்ன அத்தை, ஷாக் அடிச்சிருச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி, அப்போதே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத உனக்குக் கடிதம் எழுதுகிற கிறுக்கி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தக் காலத்தில் டாக்டர் சீட்டையே நான்தான் உனக்குப் படித்துச் சொன்னேன். இதையும் நானே படித்துச் சொல்ல வேண்டியதுதான்.

நெய்வேலியில் நமக்கு அடுத்தடுத்த குவாட்டர்ஸ் கிடைத்தது அறுபதுகளின் தொடக்கத்தில். சாலையோர மரங்கள் எல்லாம் அப்போது முள்கூண்டுக்குள் இடுப்புயரம்தான். நான் கடலூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எட்டாவது படித்த திமிர் பிடித்தவள் என்பது நீ எனக்குக் கொடுத்த பட்டம். நீ பக்கத்து ஊரான வடக்குத்துக்காரி. நினைவு தெரிந்த நாளிலிருந்து அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, மல்லாட்டை என்று நீ சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கி வளர்ந்த உடம்பு. உன் வீட்டுக்காரர் மைன்ஸில் காண்ட்ராக்டில் மண் அள்ளப் போய், பிறகு பெர்மனென்ட் ஆனவர். என் வீட்டுக்காரர் ஃபிட்டர். இரண்டு பேருக்கும் வாரத்துக்கு ஒரு ஷிப்டு. உன் சமையற்கட்டும் என் சமையற்கட்டும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தன. நீ கருவாடு வறுத்தால் என் வீட்டுச் சாம்பாரில் கருவாடு மணக்கும்.

குவாட்டர்ஸ் கிடைத்ததும் உன் உடம்புக்கு வேலை போய்விட்டது. திருகினால் குழாயில் தண்ணீர், கூப்பிடு தூரத்தில் கடை. பெர்மனென்ட்காரர் பெண்டாட்டி களை பறிக்கப் போகலாமா என்று நீயே கேட்டு, நீயே பதிலும் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தாய். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு. கூழ் குடிப்பது கேவலமாகிவிட்டது. இரண்டே வருஷத்தில் உன் ரவிக்கைகளை எல்லாம் பிரித்துத் தைக்கும்படி ஆனது. அப்புறம் அடங்காத தாகம். அப்புறம் ஆறாத கால்புண். உன்னை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். சர்க்கரை என்று சொன்னார். உனக்கு அப்போது முப்பத்து மூன்றோ நான்கோ இருக்கும். சரியான வயது உனக்கே தெரியாது.

சோற்றைக் குறைத்துக் கேழ்வரகு சாப்பிட வேண்டும், தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், காலையில் மாத்திரை போட வேண்டும். சீட்டை நான் படிக்கப் படிக்க, நீ நடுச்சாலையில் நின்று சிரித்தாய்.

"ஏண்டி, ஒண்ணும் இல்லாதப்போ இன்னா துண்ணமோ அதையே இப்ப துண்ணச் சொல்லி சீட்டு எழுதிக் குடுக்கறாரு. இதுக்கு எங்கூட்டுக்காரரு பெர்மனென்ட் ஆவாமயே இருந்திருக்கலாமே!"

"நடக்கவும் சொல்லியிருக்காருக்கா."

"நடக்கறதுக்குன்னே ஒருத்தி நடப்பாளா? காட்டுக்குப் போனா நடப்போம், கடைக்குப் போனா நடப்போம். சும்மா நடந்துகினு இருந்தா பேய் புடிச்சிருச்சும்பாங்க."

அதற்குத்தான் பையைக் கண்டுபிடித்தோம். கையில் பை இருந்தால் காய் வாங்கப் போகிறோம் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். பொழுது விடிந்ததும் நீ ஒரு பை, நான் ஒரு பை. பிளாக்கைச் சுற்றி, மெயின் ரோட்டில் வடலூர் பஸ் திரும்புகிற இடம் வரை போய்த் திரும்புவோம். பத்தே நாளில் எதிர்வீட்டுக்காரி பிடித்துவிட்டாள். "தெனமும் பையும் கையுமா போறீங்க, வெறும் பையோட வர்றீங்களே?" என்று கேட்டாள். மறுநாள் நீ உன் வீட்டு முருங்கையில் ஒரு கொத்து ஒடித்துப் பையில் தலை தெரியும்படி வைத்துக்கொண்டாய். அதே கொத்து போயிற்று, வந்தது, மறுநாளும் போயிற்று. மூன்றாம் நாள் அவள் எட்டிப் பார்த்து, "இந்தக் கீரைக்குக் கால் மொளச்சிருச்சா?" என்றாள். நீ சிரித்த சிரிப்பில் பை கீழே விழுந்தது. அதற்குப் பிறகு அவளும் ஒரு பையை எடுத்துக்கொண்டு நாலு நாள் நம்மோடு வந்து பார்த்தாள். முடியாமல் நின்றுவிட்டாள்.

கூழைத் திரும்பப் பிடிப்பதுதான் உனக்குக் கஷ்டமாக இருந்தது. உடம்புக்கு இல்லை, மானத்துக்கு. கதவைச் சாத்திக்கொண்டு கிண்டுவாய். யாராவது வந்தால் சட்டியை மூடுவாய். ஒரு நாள் நானும் என் வீட்டில் கூழ் கிண்டி, வாசல்படியில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தேன். எட்டாவது படித்தவளே குடிக்கிறாளே என்று நீயும் சட்டியோடு வெளியே வந்தாய். நான் உனக்குச் செய்த நல்லது என்று சொல்லிக்கொள்ள அந்த ஒன்று இருக்கிறது.

கால்புண் ஆறிவிட்டது. ரவிக்கையில் பிரித்த தையலைத் திரும்பப் போட்டோம். எல்லாம் சரியாகி வந்தது. நேரம் ஒன்றுதான் சரியாகவில்லை.

வீட்டுக்காரர் சாப்பிடாமல் நாம் சாப்பிடுவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. நம் அம்மாக்கள் அப்படி, நாமும் அப்படி. வயலுக்குப் போகிற ஊரில் அது நடக்கும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும். மைன்ஸில் அப்படியா? ஒரு வாரம் காலை ஆறு மணிக்குப் போய் இரண்டு மணிச் சங்கு ஊதிய பிறகு வருவார்கள். மறுவாரம் மத்தியானம் போவார்கள். அதற்கடுத்த வாரம் பகலெல்லாம் தூங்கி, நாலு மணிக்கு எழுந்து சாப்பிடுவார்கள். மாற்று ஆள் வராவிட்டால் போனவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. அவர்களுக்காவது கேன்டீன் உண்டு. நமக்குப் பட்டினிதான் கேன்டீன். "மைன்ஸில வேலை அவங்களுக்கு, ஷிப்டு நம்ம வயித்துக்குமா அக்கா?" என்று கேட்டேன். "பக்கத்தில வடலூர் தருமசாலையில எந்நேரம் போனாலும் சோறு போடறாங்க. நம்ம வூட்டுல நம்ம கையால ஆக்கின சோத்துக்கு நேரம் பாக்கறோம் பாரு" என்றாய். சொன்னாய், ஆனால் சாப்பிடவில்லை.

ஒரு முறை மத்தியானம் இரண்டரை மணிக்குப் பின்பக்கக் குழாயடியில் நீ அப்படியே உட்கார்ந்துவிட்டாய். முகமெல்லாம் வேர்வை, கை கிடுகிடுவென்று ஆடுகிறது, என்னைப் பார்த்து, "யாரு?" என்று கேட்கிறாய். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினேன். பத்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து, "இன்னாடி அழுதுகினு இருக்கற?" என்றாய்.

டாக்டர் உன்னைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார். "படிச்ச பொண்ணுதானே நீ? மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சர்க்கரை ஒரேயடியா எறங்கிடும். ஏறுறதை விட அது மோசம். உயிரே போயிடும். ஒரு மணிக்கு மேல ஒரு நிமிஷம் தாண்டக்கூடாது." அந்த வார்த்தைகளை எனக்குச் சொல்லித்தான் உன்னை அனுப்பினார், அக்கா. எனக்குத்தான் சொன்னார்.

உன் வீட்டில் கடிகாரம் இல்லை. உனக்குத் தெரிந்த ஒரே மணி சங்குதான், அது பகலில் இரண்டு மணிக்குத்தான் ஊதும். என் கல்யாணத்துக்கு வந்த டைம்பீஸ் என் வீட்டில் இருந்தது. அதனால் ஒப்பந்தம் போட்டோம். ஒரு மணிக்கு நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு, பருப்பு மத்தால் சுவரில் இரண்டு தரம் தட்ட வேண்டும். நீ பதிலுக்கு இரண்டு தட்டுவாய். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். "ஒருத்தியா உக்காந்து துண்ணா அவரை விட்டுட்டுத் துண்ற மாதிரி தொண்டையில எறங்கல. நீ தட்டினா, நீ கூப்பிட்ட மாதிரி. கூப்பிட்டா வராம இருக்க முடியுமா?" என்றாய். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீயுமாக ஏழெட்டு மாதம் பந்தியில் உட்கார்ந்த மாதிரி சாப்பிட்டோம். நான் முழுங்குவது உனக்குக் கேட்கும் என்பாய். நீ மிளகாயைக் கடிப்பது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு உனக்குக் கை நடுங்கவே இல்லை.

பிறகு என் மாமியார் வந்தார்.

திருவதிகையிலிருந்து ஒரு பலாப்பழத்தைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு ஒரு நாள் சாயங்காலம் வந்து இறங்கினார். கல்யாணமான பிறகு அவர் என் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரே பதற்றம். மறுநாள் காலையில் நடைக்கு வர முடியவில்லை. குழாயடியில் உன்னிடம் சொன்னேன். "போடி, போய் மாமியாரைப் பாரு. நான் ஒண்ணும் ஓடிப் பூட மாட்டேன்" என்றாய். இரண்டடி போய்த் திரும்பி, "மத்தியானம் தட்டு, மறந்துராத" என்றாய். தலையை ஆட்டினேன்.

அந்த வாரம் நம் வீட்டுக்காரர்கள் இரண்டு பேருக்கும் காலை ஷிப்டு. பன்னிரண்டரை மணிக்கு மாமியார் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு என் சமையற்கட்டில் உட்கார்ந்து பலாச்சுளை எடுத்தார். தன் சின்ன மருமகளைப் பற்றிப் பேச்சு வந்தது. "சின்னவன் கொல்லை வேலை முடிச்சு வர்றதுக்குள்ள துண்ணுட்டு ஏப்பம் வுட்டுகினு உக்காந்திருக்கா. நீ அப்பிடி இல்ல. நல்ல எடத்துப் பொண்ணு. மொகத்தைப் பார்த்தாலே தெரியுது" என்றார். நான் தலையைக் குனிந்து கொண்டேன். மனசுக்குள் குளிர்ந்துபோனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டைம்பீஸ் ஒரு மணியைக் காட்டியது. மத்து ஆணியில் தொங்கியது. எதற்குச் சுவரைத் தட்டுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? புருஷனுக்கு முன்னால் சாப்பிடுகிறோம் என்றா?

தட்டவில்லை.

ஒன்றரை ஆனது. இரண்டு மணிச் சங்கு ஊதியது. ஒரு மணி தாண்டிவிட்டது என்று அப்போது உனக்கும் தெரிந்திருக்கும். அவள் காத்திருக்கிறாள், நாமும் காத்திருப்போம் என்றுதான் நீ நினைத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? மூன்று மணிக்குச் சற்று முன்னால் என் வீட்டுக்காரர் வந்தார். உன் வீட்டுக்காரருக்கு மாற்று ஆள் வரவில்லை, அங்கேயே நின்றுவிட்டார் என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். சொன்னது காதில் விழுந்தது. அவருக்கும் மாமியாருக்கும் பரிமாறிவிட்டு நானும் உட்கார்ந்தேன். "பார்த்தியாடா, இவ்ளோ நேரம் பச்சத்தண்ணி பல்லுல படாம இருந்துக்கறா" என்று மகனிடம் சொன்னார் மாமியார்.

அந்த நேரத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உருண்டது. மாமியார் நிமிர்ந்து, "இன்னா அது?" என்றார்.

"பூனைங்க" என்றேன்.

உன் வீட்டுக்காரர் பொழுது சாய்கிற நேரத்தில் வந்தார். அவர் போட்ட சத்தத்தில் பிளாக்கே கூடிவிட்டது. நீ அடுப்படியில் கிடந்தாய். பக்கத்தில் வெல்ல டப்பா மூடி திறந்து உருண்டு கிடந்தது. உனக்கும் அவருக்குமாக இரண்டு தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருந்தாய், தொடவே இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நீ கண்ணைத் திறக்கவில்லை.

வடக்குத்தில் எல்லாம் முடிந்து, பதினாறு கழிந்து, உன் வீட்டுக்காரர் ஒரு நாள் என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "நீங்க செவுத்துல தட்டறதெல்லாம் எங்கிட்ட சொல்லிகினுதாம்மா இருந்துச்சு" என்றார். "நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல. துண்ணட்டும், ஒடம்பு நல்லா இருந்தா போதும்னுதான் சொன்னேன். தட்டறதுக்கு முன்னாடியே எங்கிட்ட கேட்டிருந்தா, நானே துண்ணச் சொல்லியிருப்பேன்" என்றார். அப்புறம்தான் கேட்டார். "அன்னிக்குத் தட்டலியாம்மா?"

"மாமியார் வந்திருந்தாங்க. நானும் சாப்பிடலீங்க" என்றேன்.

அந்த மனுஷன் என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "அப்ப நீயும் பட்டினியாத்தான் கெடந்திருக்க. உன்னைச் சொல்லி இன்னா ஆவப்போவுது. அழுவாதம்மா" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனார். சில மாதத்தில் குவாட்டர்ஸை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார், அங்கிருந்து வேலைக்கு வந்து போனார். உன் வீட்டுக்கு வேறு குடும்பம் வந்தது. அவர்கள் அம்மியில் அரைத்தாலும் எனக்குத் தூக்கிவாரிப்போடும். வேறு குவாட்டர்ஸுக்கு எழுதிப்போடுங்கள் என்று என் வீட்டுக்காரரை நச்சரித்து வேறு பிளாக்குக்குப் போனேன். அங்கே சமையற்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. அங்கேயும் டக், டக் என்று கேட்டது.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது, அக்கா. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. பிள்ளை பிறந்த மாதம் தவிர ஒரு நாளும் நடையை விட்டதில்லை. இன்றும் கேழ்வரகுதான். பகல் ஒரு மணிக்கு யார் வந்திருந்தாலும், யார் வராவிட்டாலும் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவருக்கு முன்னால்தான் சாப்பிட்டேன். மாமியார் சாகும்வரை அதற்காக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் மருமகள் கல்யாணமாகி வந்த அன்றைக்கே, "எனக்காகவோ அவனுக்காகவோ நீ ஒரு வேளை காத்திருந்தாலும் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். கிழவிக்கு என்ன வீம்பு என்று நினைத்திருப்பாள். இப்போது குடியிருக்கிற அடுக்குமாடியில் என்னை முன்னிறுத்தித்தான் மற்ற பெண்களிடம் பேசுகிறார்கள். பாட்டியிடம் கற்றுக்கொள்ளுங்கள், என்ன கட்டுப்பாடு, என்ன ஒழுங்கு என்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் வந்து, "இந்தப் பழக்கத்தை எல்லாம் எப்படிப் பாட்டி பிடிச்சீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்ல? பயத்தில் பிடித்த பழக்கம் என்று சொல்லவில்லை. சின்ன வயசிலிருந்தே அப்படி என்றேன். உன் நாக்கில் விழாத வருஷங்களை எல்லாம் நான் தின்றுகொண்டிருக்கிறேன் என்றுதான் ஒவ்வொரு வேளையும் தோன்றுகிறது.

இதையெல்லாம் சொல்ல உனக்கு எழுத வேண்டியதில்லை. அன்று நான் தட்டவில்லை என்பது உன் வீட்டுக்காரருக்கும் தெரிந்ததுதான். யாருக்கும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் செத்துப்போகும்வரை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று ஒரு மணி அடித்துச் சில நிமிஷம் ஆனதும், மாமியார் பலாச்சக்கையை அள்ளிக்கொண்டு கொட்டுவதற்காகப் பின்பக்கம் போனார். கையில் ஒட்டிய பாலை எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வர அவருக்கு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு தட்டுத் தட்ட ஒரு நொடி போதும். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கிண்ணத்தில் சோற்றைப் போட்டு மோரை ஊற்றி, நாலு வாய் அள்ளி முழுங்கினேன். கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். தட்டினால் அவர் காதில் விழுந்து, வந்து கையும் களவுமாகப் பிடித்துவிடுவாரோ என்று பயம்.

அன்று நான் பட்டினி இல்லை, அக்கா. எனக்குப் பசித்தது, சாப்பிட்டேன். முழுங்கும்போது உனக்கும் பசித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன்.